குடிமதிப்பு, பெத்லகேம்

ஆட்டை மறைப்பார்கள்.
ஒலிவ மரத்தை அண்ணன் தலையில் எழுதச் சொல்வார்கள்.
மீசை அரும்பிய மகனை
வறண்ட கிணற்றில் இறக்கிவிட்டு வந்து
பிள்ளையே இல்லை என்று
சத்தியம் செய்தவனையும் பார்த்திருக்கிறேன்.
எழுதுகோல் பிடித்த பன்னிரண்டு வருஷத்தில்
உள்ளதைச் சொன்னவர் குறைவு.

அன்று சாரல். மை உலரவில்லை.
நாசரேத்துக்காரன். காதோர மயிரில் மரத்தூள்,
இடக்கைப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
தொழில்? தச்சு.
நிலம்? இல்லை.
கழுதை? வாடகை.
வெளியே, மதிலோரம், அவள்.
மடியில் துணிப்பொதி அசைந்தது.

பிள்ளை யாருடையது என்றேன்.
வழக்கமான கேள்விதான்,
நாளைக்கு இருநூறு தடவை கேட்பது.
அவனுக்குப் பின்னால் நின்ற அதே ஊர்ச் சக்கூர்
விரல் மடக்கி மாதம் எண்ணிக் காட்டி
பக்கத்தவன் காதில் சிரித்தான்.

தச்சன் திரும்பவில்லை.
உத்தரம் ஏறுமுன்
தோளைச் சரிசெய்துகொள்கிறவன் போல
ஒரு மூச்சு.
"என்னுடையது."

இருப்பதை ஒளிக்கிற வரிசையில்
தனதல்லாததைத் தன் கணக்கில் ஏற்றச் சொன்னவன்
அவன் ஒருத்தன்.

எழுதினேன்.
வாசிக்கத் தெரியாதாம்.
பிள்ளையின் பெயர் எது என்று கேட்டான்.
காட்டினேன். தொட்டுவிட்டான்.
ஈர மை இழுபட்டு
அப்பன் பெயரும் மகன் பெயரும்
ஒன்றில் ஒன்று கலங்கிப்போயின.

ஏட்டைக் கெடுத்தால் அபராதம் உண்டு.
மணலைத் தூவினேன். போ என்றேன்.

அடுத்து சக்கூர்.
ஆடு எத்தனை?

ஆடா?
ஆடே கிடையாது, ஐயா.