நான்காம் கேள்வி

படிவத்தில் நான்காம் கேள்வி:
எந்தப் பருவத்தில் வயிற்றுப்போக்கு கூடுகிறது?
வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்,
ஒன்றில் குறியிடவும்.

ஈசூனில் ஏது இலையுதிர்காலம்.

ஓரத்தில் எழுதினேன்:
டிசம்பரில், மழை மூன்று நாள் விடாதபோது.
மூங்கில் கழியில் மாட்டிய படுக்கைவிரிப்பு
ஈரமாகவே உள்ளே வரும்போது.
புகைமூட்டம் சூழ்ந்த செப்டம்பரில் ஒருமுறை, ரத்தத்தோடு.
தேர்வு வாரத்தை வானிலையில் சேர்க்கலாமா, தெரியவில்லை.

அமுதினி எட்டிப் பார்த்தாள்.
"டுரியான் சீசனை விட்டுட்டீங்கப்பா.
அப்பத்தான் வயிறு ரொம்ப வலிக்கும்,
எல்லாரும் சாப்பிடுறதைப் பார்த்து."

எங்கள் எண் திரையில் மின்னியது.
வெளியே இடி.
அவள் கை என் கையை விட்டு
வயிற்றுக்குப் போனது.
கழிப்பறை எங்கே என்று
யாரையும் கேட்காமல்
நேரே நடந்தாள்.