சிவப்பு, சிவப்பு, பழுப்பு

வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்
எல்இடி எண்ணிக்கொண்டே கேட்டார்,
"பையனுக்கு ஸ்கூல் புராஜெக்ட்டாம்மா?"
நிலா செய்யப்போகிறேன் என்று சொல்ல
வாய் வரவில்லை.
ஆமாம் என்றேன்.
நீலம் மூன்று, வெள்ளை ஒன்று,
சிவப்பு சிவப்பு பழுப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர் நாலு,
நாள் மறக்காத ஒரு சிப்,
அதன் நினைவுக்கு ஒரு பட்டன் பேட்டரி,
மூளை மாதிரி ஒரு சின்ன போர்டு.
எல்லாமாக அறுநூற்று எழுபது.
மேலப்பாளையம் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.

தொட்டி உதுமான் வாங்கியது.
லீவில் வந்த நாற்பது நாளில்
முப்பதை அதற்கே கொடுத்தார்.
உவரியிலிருந்து கடல் தண்ணீர்
ஆறு கேனில், லோடு ஆட்டோ ஏறி வந்தது.
"ஊறுகாய் போடப் போறியாளா?" என்று
எதிர்வீட்டில் கேட்டார்கள்.
பிறகு தம்மாம் போய்விட்டார்.
கோமாளி மீன் இரண்டும் நானும் மிச்சம்.

அவை தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கொட்டகையில்
பிளாஸ்டிக் டப்புக்குள் பொரிந்தவை.
கடலைப் பார்த்ததில்லை, நிலாவையும்.
பார்க்காததை எதற்குச் செய்து காட்டணும்?
கேட்டுக்கொண்டேதான் ஈயம் உருக்கினேன்.
எல்இடித் தலையை உப்புத்தாளில் தேய்த்தேன்,
ஒளி குத்தாமல் இறங்க.
முதல் பௌர்ணமியில்
மணல்மேல் அலையின் நிழல் ஓடியது.
அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

நிலா செய்வது லேசு.
அமாவாசை செய்வதுதான் பாடு.
எல்லாம் அணைத்த பிறகும்
அடாப்டரின் சிவப்புக் கண்,
ஜன்னலில் தெருவிளக்கு,
பள்ளிவாசல் மினாராவின் பச்சை,
என் கையில் போன்.
கறுப்பு டேப் ஒட்டி, போர்வை தொங்கவிட்டு,
கடைசியில் போனையும் கவிழ்த்து வைத்தபோது
பம்பின் குமிழ்ச் சத்தம் மட்டும்
இருட்டில் பெரிதாகிக்கொண்டே வந்தது.
இரண்டு ரிங் போனது அன்று.
எடுக்கவில்லை.

அஞ்சாவது மாதம்,
இருபத்தேழாம் நோன்பு திறந்த கையோடு
கீழ்வீட்டு முஸம்மில் மீன் பார்க்க வந்தான்.
தொட்டிக்குள்
நூல்போல ஒரு நீலம்.
நான் டம்ளர் கழுவித் திரும்புவதற்குள்
தெருவுக்கு ஓடிவிட்டான்:
"பிறை தெரிஞ்சிட்டு! பல்கீஸ் லாத்தா வீட்டுல தெரிஞ்சிட்டு!"
மொட்டைமாடிகளில் தலைகள்.
சிரிப்பு அடங்க இஷா தொழுகை ஆகிவிட்டது.

அப்புறம்தான் நோட்டை எடுத்தேன்.
மாதத்துக்கு இருபத்தொன்பது நாள் என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
பன்னிரண்டு மணி நாற்பத்து நாலு நிமிடத்தைச்
சில்லறை என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.
சில்லறை சேர்ந்து
வானத்தைவிட இரண்டரை நாள்
முந்திப்போயிருக்கிறது என் நிலா.
பிரிட்ஜ் கதவில் அவர் வரும் தேதிக்கு
நான் போட்டிருந்த கோடுகளும்
இதே தொட்டியைப் பார்த்துப் போட்டவைதாம்.
ரப்பர் தேடினேன். பேனாவால் போட்டிருந்தேன்.

போனில் சொன்னேன்.
சிரித்தார். "அந்த அரை நாளையும் போடு,
கம்பெனி மாதிரி இருக்காதே."
அங்கே நிலா ஏற இன்னும் இரண்டரை மணி இருந்தது.

கணக்கைத் திருத்தி ஏற்றினேன்.
மீன்களுக்கு
இரண்டரை ராத்திரி கூடுதல் இருட்டு.
ஏன் என்று அவை கேட்கவில்லை,
பாறை இடுக்கில்
ஒன்றின் வாலில் ஒன்று சாய்ந்து நின்றன.

தம்மாமில் பெருநாள் முடிந்த அன்று
இங்கே மேகம்.
மாடியெல்லாம் ஆள், மேற்கே ஒன்றும் இல்லை.
உள்ளே தொட்டி
இருநூற்று ஐம்பத்தைந்தில் நாலு என்ற அளவில்
மெல்ல விழித்தது.
கதவைத் தட்டுகிறான் முஸம்மில்.
"லாத்தா, உள்ள தெரியுதா?"
பள்ளிவாசல்ல சொல்லட்டும்லே, என்று
தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.