பதிலி

பதினெட்டுப் போரான்கள்.
இரண்டு கூடைகளைத் தலைமாற்றி ஒட்டிய உரு.
புறஊதா விளக்கைக் காட்டினால் நீலம்,
சட்டென்று,
கேள்வி முடியுமுன் கைதூக்கும் பிள்ளை மாதிரி.

ஒரேயொரு ஹைட்ரஜனைக் கழற்றி
அங்கே அயோடினை உட்காரவைத்தேன்.
கனத்த ஆள்.
நீலம் போயிற்று. வேறொன்றும் வரவில்லை.
குறிப்பேட்டில் 'ஒளி இல்லை' என்றெழுதிக்
கோடும் கிழித்தேன்.

கெண்ட் ரிட்ஜில் கடைசி ரயில் போயிருக்கும்.
சன்னலுக்கு அப்பால்
பாசிர் பாஞ்சாங் பாரந்தூக்கிகள்
பெட்டியை எடுத்த இடத்தில் இன்னொரு பெட்டியை
வைத்துக்கொண்டே இருந்தன.
என் அலமாரிக் கதவில் இன்னும் சஃபியா என்றுதான் இருக்கிறது.
அவள் ஒப்பந்தம் முடிந்த இடத்தில் நான்.
எட்டு மாதம்.
அந்தப் பெயரைச் சுரண்டக் கை வரவில்லை.

"ஆர்கன் விட்டியா?"
மைலோ குழாயைக் கடித்தபடி ஹுய் மின்.

விடவில்லை.

நீள ஊசி, குமிழிகள், இருபது நிமிடம்.
நானும் அவளும் இழுத்துக்கொண்டிருந்த அதே ஆக்சிஜன்
குப்பியைவிட்டு வெளியேறியது.
விளக்கு.

பச்சை!
பாசி படிந்த படித்துறைப் பச்சை அல்ல,
பாதசாரிக்கு விழும் பச்சை.
நீலம்போல் அவசரப்படாதது;
விளக்கை அணைத்தபின்னும் அது சற்றே தங்கியதைக்
கருவி சொன்னது, கண்ணுக்கு எட்டவில்லை.

மூடியைத் திறந்து குலுக்கினேன், சந்தேகத்துக்கு.
அணைந்தது.

ஹுய் மின் சிரித்தாள். மழை பிடித்துக்கொண்டது.
குறிப்பேட்டில் எழுதியதை அடிக்கவில்லை.
முன்னால் ஒரு சொல் மட்டும் சேர்த்தேன்:
காற்றில்.