ஒரு பல் குறைவு

வாடி கபீர். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த வெயில்.
ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருக்கிறார் தாத் கரீம்.
குனிந்துதான் நுழைய வேண்டும்,
வண்டியும் நானும்.

என்ன குறை என்கிறார்.
கீழே இழுவை இல்லை.
நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலே புலி,
அதற்குக் கீழே மாதக்கடைசி.
(என் இந்தியில் இவ்வளவு அழகாக வரவில்லை.
கையை முறுக்கிக் காட்டி, தோளைத் தொங்கவிட்டேன்.
புரிந்துகொண்டார்.)

ஜாப் கார்டில் எழுதுகிறான் பையன்:
மிஸ்டர் அமலோர்.
பவம் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
மிஸ்டரைத் திருத்தலாமா என்று பார்த்தேன்,
கிரீஸ் விரல், ஒரே பேனா,
விட்டுவிட்டேன்.

வாடகை மலிவென்று ஆமிராத்தில் வீடு.
ஆஸ்பத்திரி மலைக்கு இந்தப் பக்கம்.
இரவு டூட்டி முடிந்து, காலை ஏழரைக்கு,
பௌஷர் ஏற்றத்தின் மூன்றாம் வளைவில்
எனக்கு முன்னால் எப்போதும் ஒரு நீல டாங்கர்
முதல் கியரில், பின்குழாய் சொட்டச் சொட்ட.
இரண்டாவதில் திருகுகிறேன்.
எண்ணூறு சிசி, நாலு சிலிண்டர்,
ஊருக்குத் திரும்பிய டச்சுக்காரர் விற்றுப்போன கம்பீரம்
யோசிக்கிறது.
வண்டி யோசிக்கக் கூடாது.
யோசிக்க நான் இருக்கிறேன்.

பையன் சொல்கிறான்: சைலன்சரை மாற்றுங்கள்,
ஃபில்டரைத் திறந்துவிடுங்கள்,
மேலே எட்டுக் குதிரை கூடும்.
மேலே எனக்கு யார் இருக்கிறார்கள்?
இருநூறில் போகக் கம்பத்துக்குக் கம்பம் ரேடார்.
கேட்பது கீழ்வீட்டுக்கு வெளிச்சம், தம்பி,
மொட்டைமாடிக்கு அல்ல.

உருளையில் ஏற்றி ஓடவிட்டார்கள்.
தகரக்கூரை அதிர்ந்தது.
தாளில் வந்தது கோடு.
பன்னிரண்டு வருடமாக இசிஜி எடுக்கிறேன்.
மார்பில் ஜெல்லைத் துடைக்கும்போது
எல்லோரும் கேட்பார்கள், என்ன தெரியுது சிஸ்டர்?
எனக்குத் தெரியும்.
டாக்டர் சொல்வார் என்பேன்.
சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
இங்கே, மூவாயிரத்து முன்னூறில்,
கோடு சரிந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது.
விரலை வைத்தேன்.
இங்கே, என்றேன்.
சத்தமாகவே சொன்னேன்.
பையன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு நாலு மணி நேரம்.
த்ராட்டில் வாய்களைக் கழுவி,
நாலு சிலிண்டரும் ஒரே அளவு மூச்சிழுக்க
வாக்குவம் கேஜைப் பார்த்துப் பார்த்துத் திருகி,
பள்ளத்தில் ஒரு கரண்டி பெட்ரோல் கூட்டி,
முன் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றினார்.
பதினேழு பல் இருந்த இடத்தில் பதினாறு.
பல்லைப் பிடுங்கினால் கடி கூடுவது
உலகத்தில் இந்த ஒரு வாய்க்குத்தான்.

பள்ளம் முழுக்கத் தூராது என்றார்.
எஞ்சின் பிறந்த விதம் அப்படி.
எங்கே இருக்கிறது என்று தெரியுமல்லவா,
அங்கே நிற்காதே.
மீட்டர் இனிமேல் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.
டாப் ஸ்பீட் போச்சு.
பரவாயில்லை, அது என்னிடம் இருந்ததே இல்லை,
டச்சுக்காரர் சொல்லக் கேள்விதான்.
முப்பத்தெட்டு ரியால் ஐந்நூறு பைசா.
பழைய சக்கரத்தைத் துணியில் சுற்றித் தந்தார்.
சமையலறை ஜன்னலில்
கரண்ட் பில்மேல் கிடக்கிறது.

திங்கள் காலை. மூன்றாம் வளைவு. டாங்கர்.
இன்றைக்குத் தாராளமாகவே ஒழுகுகிறது,
தார் முழுக்கக் கறுப்பு ஈரம்.
ஏறுபாதை இரண்டாகப் பிரியும்வரை காத்திருந்து,
கியரைத் தொடாமல்,
இரண்டாயிரத்து எழுநூறிலிருந்து மெல்லத் திறந்தேன்.
இருமவில்லை.
முதுகுக்குக் கீழே யாரோ கைகொடுத்த மாதிரி
கனமாக, அவசரமில்லாமல் எழுந்தது.
பள்ளத்தில் ஒரு நொடி குலுங்கியது,
ம், நீயா என்றேன்.
டாங்கரின் கதவு, டிரைவரின் முழங்கை,
சிகரெட், கண்ணாடி,
எல்லாம் பின்னால்.

மீட்டர் அறுபது என்றது.
நான் ஐம்பத்தாறில் போய்க்கொண்டிருந்தேன்.
உச்சியில், ஹெல்மெட்டுக்குள்,
நீளமாக ஒரு கொட்டாவி.