பழைய கல், ஒரு வண்டி

ஹொல்லோகோவில் கோட்டைக்கு டிக்கெட் இருந்தது.
ஏறிப்போகக் கல் பாவிய பாதை,
இருபுறமும் வெள்ளைச் சுவர் வீடுகள்,
பூ பின்னிய பாவாடையோடு ஒருத்தி
சீஸ் விற்றுக்கொண்டிருந்தாள்.
டயர் கம்பெனி எங்களை ஹங்கேரிக்கு
ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பிய வருஷம்.
ஞாயிற்றுக்கிழமை. காரை ஓட்டியவள் இல்டிகோ.
மலைமேல் மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள்:
எவனோ ஒரு பிரபு
ஒரு பெண்ணைத் தூக்கிவந்து அடைத்தானாம்.
அவளை மீட்க அண்டங்காக்கைகள்
அவன் கோட்டையைக் கல் கல்லாகக் கொத்திப் போய்
இந்தப் பாறையில் அடுக்கினவாம்.
காக்கைக் கல். அதுதான் ஊர்ப்பெயர்.

பிறகு கேட்டாள், உங்கள் ஊரில் கோட்டை உண்டா?
உண்டு என்றேன்.
எப்படி இருக்கும்?
நான் சீஸ் விலை கேட்கப் போய்விட்டேன்.

நான்கு வருஷம் கழித்து
ஒரகடம் ஆலையைப் பார்க்க வந்தவள்
அந்தக் கேள்வியையும் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

தேவனாம்பட்டினம். அஞ்சாப்புலியின் ஆட்டோ.
"கோட்டையா? சில்வர் பீச் போவலாம்ண்ணே,
சுண்டல் சூடா இருக்கும்."
முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊர்க்காரன்.
கெடிலத்துப் பாலத்தில் எத்தனை ஆயிரம் முறை போயிருப்பேன்,
அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை.

இரண்டு இடத்தில் வழி கேட்டு,
ஒரு நாயைச் சமாதானம் செய்து,
கம்பி வேலியைத் தூக்கிப் பிடித்து நுழைந்தோம்.
கருவேலம். மூன்று ஆடு.
அரச வேர் கவ்விய சுவர்த் துண்டு.
பாதி மண்ணுக்குள் போன வளைவு,
அதற்குள் பீர் பாட்டில்.
விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச்
சமைக்க மறந்தவன் மாதிரி நின்றேன்.
இல்டிகோ ஒரு செங்கல்லைத் தொட்டு அளந்தாள்.
உள்ளங்கை அகலம், கட்டைவிரல் கனம்.
"மீதி எங்கே?"
பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள் என்றேன்,
காலையில்தான் போனில் படித்திருந்தேன்.
"இடித்தார்கள், சரி. கல் எங்கே போனது?"
நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்
அஞ்சாப்புலி சிரித்தான்:
"காக்கா தூக்கிக்கினு போயிருக்கும்ண்ணே."
சத்தியமாக அவனுக்கு
நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கவில்லை.

என் வீடு குண்டு உப்பலவாடியில்.
பெயர்ப்பலகையைக் காட்டி அர்த்தம் கேட்டாள்.
செஞ்சியிலிருந்த மராட்டியர் கோட்டையை விற்றார்கள்.
வெள்ளைக்காரர்கள் பீரங்கியை ஏற்றிச் சுட்டார்கள்.
குண்டு விழுந்த தூரம் மட்டும் வாங்கியவனுக்கு,
அப்படி ஒப்பந்தம்.
"விழுந்த இடத்தில் யாராவது இருந்தார்களா?"

பள்ளியில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி.
இப்படி யாரும் கேட்டதில்லை.
காலையில் ஒரு ராஜாவின் குடியாகக்
களை பறிக்கப் போன யாரோ ஒருத்தி
மத்தியானம் கும்பினியின் குடியாகத் திரும்பியிருப்பாள்.
நடுவில் ஒரு சத்தம், அவ்வளவுதான்.
மாடு மிரண்டு ஓடியிருக்கும்.
புழுதி அடங்குமுன் எல்லை தாண்டியிருந்தால்
அது யார் மாடு?

காபி போட்டு வைத்திருந்தாள் மங்கையர்க்கரசி.
கை கழுவக் கொல்லைக்கு அழைத்துப் போனேன்.
குழாயடியில் சேறாகாமலிருக்கப் பதித்த
ஏழெட்டுச் செங்கல்.
உள்ளங்கை அகலம்.

இல்டிகோ என்னைப் பார்த்தாள்.
நான் கல்லைப் பார்த்தேன்.
"அங்க என்ன அப்படிப் பாக்குறீங்க ரெண்டு பேரும்?
பாசி புடிச்சிருக்கு,
காலைப் பாத்து வைக்கச் சொல்லுங்க."

அப்பா வீடு கட்டிய வருஷத்து நோட்டு
பீரோவில் இருக்கிறது.
சித்தாள் கூலி, சுண்ணாம்பு, ஆணி,
நடுவே ஒரு வரி:
பழைய கல், ஒரு வண்டி, நாற்பது ரூபாய்.
யாரிடம் என்று எழுதவில்லை.
சின்ன வயதிலிருந்து நான் பல் தேய்த்துத் துப்பியது
அதன்மேல்தான்.

இல்டிகோ ஷூவைக் கழற்றினாள்.
காலுறையை உருவி உள்ளே திணித்தாள்.
ஒவ்வொரு விரலாக ஊன்றி அந்தக் கல்மேல் நின்று,
குழாயைத் திறக்கச் சொன்னாள்.
தண்ணீர் வரவில்லை.
நாலரைக்குத்தான் விடுவார்கள் என்றேன்.
சரி என்று அங்கேயே நின்றாள்.