ஐந்து டிகிரி

கோரையாற்றுக் கரையில் வண்டியை நிறுத்தினபோது
பேட்டரி பதினொன்று புள்ளி நாலு.
அதற்குக் கீழே இறங்கினால்
காலையில் செல்ஃப் எடுக்காது.
தள்ளிவிட வாத்துகள்தான் இருக்கின்றன.

"கேஸுல போட்டுடுங்க" என்றார் டாக்டர் மெஹர்நிஷா,
தடுப்பூசிக் குப்பிகளை இன்னொரு தடவை எண்ணிவிட்டு.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு ஒரு வீம்பு உண்டு,
சாய்ந்து நின்றால் குளிராது.
கடல் வரைக்கும் தட்டையாய்க் கிடக்கிற சீமை இது.
நாலு சக்கரத்துக்குச் சமமாக ஓரிடம் இல்லை.
பாதித் தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்தேன்.
குமிழி முன்பக்கம் ஓடிற்று.
பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல்,
போதாமல் ஒரு தென்னைமட்டை,
அதற்கும் மேலே
பக்கிரிசாமி எங்கிருந்தோ இழுத்து வந்த மதகுப் பலகை.

கொண்டல் இரண்டு தரம் அணைத்தது.
மூன்றாவது குச்சியில்
துளைக்குள்ளே சுண்டுவிரல் நகமளவு நீலம்.

"நெருப்பு வச்சா எப்புடிங்க சில்லுனு ஆவும்?"
டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன்.
சீட்டிலேயே தூங்கிப்போயிருந்தார்.
"ஆவும்" என்றேன்.

பேட்டரியில் என்றால் முனகிக்கொண்டே இருக்கும்,
வேலை நடப்பது காதுக்குத் தெரியும்.
இதில் சத்தமே கிடையாது.
இரண்டு மணிக்கு, பொறுக்கமாட்டாமல், இறங்கிப் போனேன்.

எனக்கு முன்னாலேயே அங்கே குந்தியிருந்தார் பக்கிரிசாமி,
துண்டை விரித்துக் காற்றுக்கு மறைப்பாக.
தூக்கம் வரலை என்றார்.

குறுவை அறுத்த தாளுக்குள்
எண்ணூறு வாத்துகள்
கழுத்தை முதுகில் செருகிக் கிடந்தன.