கடைசியாகப் பயன்படுத்திய இடம்

தொலைந்ததா, திருடுபோனதா,
ஒன்றில்தான் குறி போடலாம் என்கிறது படிவம்.
எனக்குத் தெரியாது.
வியாழக்கிழமை மார்சிலிங் ஈரச்சந்தையில்
மீன் வாங்காமல் மீன் விலை கேட்டு நின்றபோது
பைக்குள் இருந்தது.
பேருந்தை விட்டு இறங்கியபோது
பக்கவாட்டு ஜிப்
பல் போன வாயாய்த் திறந்திருந்தது.
அவ்வளவுதான் தெரியும்.

தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை.
என் பெயருக்கும் கட்டங்கள் போதவில்லை:
அமலோற்பவம் என்று எழுதி முடித்து
அப்பாவிடம் வந்தால்
சவரிமுத்துவில் பாதி
விளிம்புக்கு வெளியே நிற்கிறார்.
"மேடம் அமலோ" என்று சுருக்கிக் கொள்கிறாள்
முக்காட்டை நேர்த்தியாய்க் குத்தியிருக்கும் ஷஃபிகா.
அந்த அளவுக்கு நான் இருந்தால் போதும் இங்கே.

அடையாள அட்டையின் கடைசி நான்கைக் கேட்டாள்.
மெல்லச் சொன்னேன்.
"சத்தமாக, மேடம்."
எனக்குப் பின்னால் வரிசையில்
கீழ்மாடித் திருமதி சியா,
லிஃப்டில் பார்த்தால் இன்றைக்கு என்ன சமையல் என்பவர்.
சத்தமாகச் சொன்னேன்.
அவர் கைப்பேசியில் மும்முரமானார்.
அவர் மடியிலும் அதே பச்சைப் படிவம்.

புது அட்டைக்கு ஏழு வேலை நாள்.
சனி ஞாயிறு கணக்கில் வராது.
சனி ஞாயிறுதான் ஜெசிந்தா வீட்டில் இருப்பாள்,
பள்ளிச் சாப்பாடு கிடையாது.
கட்டணம் ஐந்து வெள்ளி, பாக்கியில் கழித்துக்கொள்வார்கள்.
பாக்கி இருக்கிறதா பார்ப்போம் என்று
திரையை என் பக்கம் திருப்பினாள்.

என்னைப் பிரிந்த பிறகும்
நடமாடியிருக்கிறது அட்டை.
வெள்ளி இரவு 9.42.
ரொட்டி ஒன்று.
முட்டை பத்து.
மத்தி மீன் டப்பா இரண்டு.
லிச்சிப் பழ டப்பா ஒன்று.

கோபம் வருமென்று உட்கார்ந்திருந்தேன்.
வந்தது, வேறு வாசல் வழியாக.
லிச்சிக்குக்கூட செல்லுமா இது?
"செல்லும் மேடம். சிகரெட்டும் பியரும்தான் கூடாது."

மூன்று வருடமாய்
அரிசி, எண்ணெய், பருப்பு, கோதுமை மாவு.
அந்த அலமாரியைக் கடக்கும்போது
ஜெசிந்தா நடையைக் குறைப்பாள்.
"அதெல்லாம் இதுல வாங்க முடியாதுடி" என்பேன்
சட்டம் படித்தவள் போல.
யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.
நானே எழுதி
நானே கட்டுப்பட்ட சட்டம்.

எடுத்துப்போன கைக்கு அது தெரிந்திருக்கிறது.
அல்லது தெரியாமல் நீட்டிப் பார்த்திருக்கிறது,
இயந்திரம் சரியென்றிருக்கிறது.
பசித்த கையாக இருக்கலாம்.
மன்னிக்க நான் பங்குச்சாமி இல்லை.
பதினான்கு வெள்ளி பத்துக் காசு.
எனக்கு அது திரும்ப வேண்டும்.

திருடுபோனது என்ற கட்டத்தில்
அடித்தாளிலும் பதியும்படி அழுத்திக் குறி போட்டேன்.

மூன்றாம் நாள் பருப்பில் தண்ணீர் கூடியது.
ஐந்தாம் நாள் மணி அடிக்காமல்
எங்கள் இரும்புக் கதவில் யாரோ
ஒரு பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
உள்ளே பூண்டு. ஒரு கிலோவும் பூண்டு மட்டும்.
லிஃப்டில் திருமதி சியா
என்ன சமையல் என்று கேட்கவில்லை.
"பூண்டு ரசம்" என்றேன், கேட்காமலே.

தபாலில் வந்தது புது அட்டை.
எண் வேறு.
பழைய எண்தான் இன்னும் நாக்கில் வருகிறது.

கடை மூடும் நேரமாய்ப் பார்த்துப் போனோம்,
ஆளில்லாமல் தானே கணக்குப் போடும் இயந்திரத்துக்கு.
அரிசி. எண்ணெய். மாவு.
டப்பாவைக் கடைசியில் வைத்தேன்.
விலகிப்போக வசதியாய்
கால் ஒன்றைப் பின்னே வைத்துக்கொண்டு
அட்டையைக் காட்டினேன்.

டிங்.
வெறும் அரிசி வாங்கிய மாதங்களில்
கேட்ட அதே மணி.

ஜெசிந்தா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல வாங்கலாமாம்மா?"
"சட்டத்தை மாத்திட்டாங்க" என்றேன்.